எண்பத்தேழாவது அட்டை

வியாழன், மார்ச் 12. காலை 8.20.

கல்லூரியில் தங்கள் வகுப்பு அலமாரியின் கதவைத் திறந்த நெவேனா, கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றுவிட்டாள். மேல்தட்டில் மூன்று மரப்பெட்டிகள் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் நீள்சதுரமாகத் தூசி படியாத பலகை தெரிந்தது.

"இன்ஸ்பெக்டர் சார், என் பெட்டியைக் காணோம்" என்றாள்.

வெலிச்கோ கராதிமோவ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வயது அறுபத்து மூன்று. டான்யூப் கரையில் உள்ள இந்தச் சின்ன ஊரின் காவல் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் குற்றப் புலனாய்வு பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் போன செப்டம்பரில் கல்லூரியில் சேர்ந்தார். இப்போது வரலாற்றுத் துறையில் முதலாமாண்டு மாணவர். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் பயிற்சி வகுப்பில் இந்த வருடம் மூன்றே பேர்: அவர், நெவேனா, பிளாமென்.

"எதையும் தொடாதே" என்றார் பழைய பழக்கத்தில். பிறகு அவரே சிரித்துக்கொண்டார். "சரி, தொடு. எனக்கு இப்ப ரேகை நிபுணரா இருக்கார்?"

நெவேனா சிரிக்கவில்லை. அவள் சிரிக்கும் நிலையில் இல்லை.

அந்தப் பெட்டியில் நூற்று நாற்பது அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு குறிப்பு: எந்த நூல், எந்தப் பக்கம், என்ன சொல்கிறது. பேராசிரியை ராலிட்சா மின்சேவாவின் சட்டம் எளிமையானது. கட்டுரையோடு அட்டைகளையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் ஓர் அட்டை. அட்டை இல்லையென்றால் கட்டுரை இல்லை. கெடு இன்று மாலை ஐந்து மணி. கட்டுரை இல்லையென்றால் வருடம் போச்சு, வருடம் போனால் விடுதி அறை போச்சு, அறை போனால் நெவேனா கிராமத்துக்குத் திரும்பி அம்மாவோடு குடைமிளகாய்த் தோட்டத்தில் நிற்க வேண்டியதுதான். மிளகாய்த் தோட்டம் மோசமான இடமில்லை. ஆனால் அவள் அதற்காகப் பிறந்தவள் இல்லை என்பது அவளுடைய முதல் அடிக்குறிப்பைப் பார்த்த அன்றே வெலிச்கோவுக்குத் தெரிந்துபோயிற்று.

"கடைசியா எப்ப பாத்தே?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. நானே உள்ளே வெச்சேன்."

"அலமாரிக்குப் பூட்டு?"

"அட்டையை யார் சார் திருடப்போறாங்கன்னு பூட்டே போடல."

8.45.

ராலிட்சாவுக்கு முப்பத்து நான்கு வயது. பார்க்க மெலிவு, சிவப்பு மைப் பேனாவை எடுத்தால் பயில்வான். செய்தியைக் கேட்டதும் முகம் வெளுத்தது. ஆனாலும் தலையை நிமிர்த்தியே பேசினார்.

"கிடைச்சா சந்தோஷம். கிடைக்கலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது நெவேனா. உனக்காக வளைஞ்சா போன வருஷம் மத்தவங்களுக்கு வளையாததுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவ திருடு கொடுத்தவ, டீச்சர்" என்றார் வெலிச்கோ.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் நீங்க இருக்கீங்களே. முப்பத்தோரு வருஷம்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்க, இன்னிக்குக் காட்டுங்க."

வெலிச்கோவுக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணிடம் அவர் ஏற்கெனவே நிறையக் குத்து வாங்கியவர். பழைய காலத்து ஆற்றுக் கடத்தல்காரர்களைப் பற்றி அவர் எழுதிய முதல் வரைவை ராலிட்சா திருப்பிக் கொடுத்தபோது அதில் பதினோரு இடத்தில் சிவப்பு மை. பதினோரு இடத்திலும் ஒரே கேள்வி: 'யார் பார்த்தது?' ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்று அவர் வாதாடினார். எல்லோருக்கும் தெரிந்ததை எந்த ஒருவன் கண்ணால் பார்த்தான் என்று ராலிட்சா கேட்டார். நான்கு நாள் கோபமாக இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் ஆவணக் காப்பகத்துக்குப் போனார். அன்றிலிருந்து அவருக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று.

ராலிட்சா மேலங்கியைப் போட்டுக்கொண்டார். அதன் பொத்தானில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு முறுக்குக் கயிறு. மார்ச் முதல் தேதி ஊர் முழுக்க ஒருவருக்கொருவர் கட்டிவிடும் மார்த்தெனிட்சா. முதல் நாரையையோ, முதல் பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கழற்றக் கூடாது. பார்த்ததும் கழற்றி மரக்கிளையில் கட்டி, மனதில் ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டும். இந்த வருடம் ராலிட்சா தன் கையாலேயே ஐந்து திரித்தார். மூன்று மாணவர்களுக்கு ஒவ்வொன்று, வாசக அறை பார்த்துக்கொள்ளும் ஸ்பாஸுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அவருக்கு நூல் திரிக்க வராது. வெள்ளை நூல் தடிமன், சிவப்பு நூல் மெல்லிசு. கம்பளிப் புழு மாதிரி ஐந்தும் கோணல். ஆனாலும் எல்லோரும் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டார்கள்.

வெலிச்கோ தன் மணிக்கட்டைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் பாத்திரம் கழுவியதில் வெள்ளை, சாம்பலாகிவிட்டிருந்தது. நெவேனாவின் கயிற்றில் மைக்கறை வேறு. ஊரில் இன்னும் பனி விட்டபாடில்லை. ஒரு மரம்கூடப் பூக்கவில்லை.

9.15.

பிளாமென் நடைபாதையில் பாலாடைக்கட்டி வைத்த பனீட்சா அடையைக் கடித்துக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்ற பையன். ஏப்ரலில் தலைநகரில் நடக்கும் மாணவர் மாநாட்டுக்கு இந்த வகுப்பிலிருந்து ஒரே ஒரு கட்டுரைதான் போகும். நெவேனா இல்லையென்றால் அது பிளாமெனுடையது.

"நேத்து எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"ஏழரைக்கு."

"தனியாவா?"

"தனியாத்தான். என் பெட்டியை எடுத்தேன், வேலை பாத்தேன், திரும்ப வெச்சேன்."

"அப்ப அவ பெட்டி இருந்ததா?"

"இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தான். "நான்தான் எடுத்தேன்னு நினைக்கறீங்க."

"நினைக்கறதுக்கு ஆதாரம் வேணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்களே. கேட்டேன், அவ்வளவுதான்."

பிளாமென் கையைத் துடைத்தான். அவன் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. வெலிச்கோ அதைப் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

10.00.

வாசக அறையில் ஸ்பாஸ் தேநீர் போட்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒண்டிக்கட்டை. ராலிட்சா இங்கே மாணவியாக வந்த நாளிலிருந்து, அவர் கேட்காமலேயே அவர் மேசைக்குத் தேநீர் போகும். ராலிட்சா எழுதிய ஊர் வரலாற்று நூல் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில், அட்டைப்படம் தெரியும்படி நிற்கும். அந்த நூலை வைத்துத்தான் நாளை வெளியூரிலிருந்து ஒரு குழு வருகிறது. குழு தலையாட்டினால் ராலிட்சாவுக்கு இணைப் பேராசிரியர் பதவி.

"பாவம் அந்தப் பொண்ணு" என்று ஸ்பாஸ் கோப்பையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் பழைய செய்தித்தாள் கறுப்பு. மணிக்கட்டில் மார்த்தெனிட்சா, சிவப்பு சிவப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் சீராக முறுக்கியிருந்தது.

"நேத்து எப்ப பூட்டினீங்க ஸ்பாஸ்?"

"எட்டு மணிக்கு. வழக்கம்போல."

"பின்முற்றத்துச் சாவி எங்கே இருக்கும்?"

"ஆணியில தொங்கும். யார் வேணா எடுக்கலாம். ஆனா அங்க யார் போறா? பனி விழுந்ததுலேருந்து நானே போகல."

தேநீர் நன்றாக இருந்தது. வெலிச்கோ நன்றி சொல்லிவிட்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

10.20.

பின்முற்றம் நான்கு சுவருக்குள் அடைபட்ட சின்ன இடம். ஒரு பக்கம் கொதிகலன் அறை, எதிர்ப்பக்கம் பழைய சாமான் கிடங்கு. எந்த ஜன்னலும் இதைப் பார்த்து இல்லை. கொதிகலன் அறையின் சூட்டுச் சுவரை ஒட்டி ஒரு காட்டுப் பிளம் மரம்.

மரம் பூத்திருந்தது. ஊரே குளிரில் விறைத்துக் கிடக்க, சுவரின் கதகதப்பை நம்பி இது ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. தலை உயரத்துக் கிளையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. சிவப்பு, சாம்பல் ஏறிய வெள்ளை. வெள்ளை தடிமன், சிவப்பு மெல்லிசு, கோணல். ராலிட்சாவின் கைவேலை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பெட்டியைத் திருடிக்கொண்டு போகிறவன்கூடப் பூத்த மரத்தைப் பார்த்தால் நின்று கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் போவான், இந்த ஊர்க்காரனாக இருந்தால்.

வெறும் மணிக்கட்டு யாருடையது? வெலிச்கோ விறுவிறுவென்று திரும்பி நடந்தார். நடைபாதை பாதி வந்ததும் நின்றார். பதினோரு சிவப்புக் கேள்விகளும் வரிசையாகக் கண்முன் வந்தன. பிளாமென் கட்டியதை யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. வெறும் மணிக்கட்டைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், நடுவில் இருந்ததைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டார். போன செப்டம்பருக்கு முன்னால் என்றால் இந்நேரம் பையனின் சட்டைக் காலர் அவர் கையில் இருந்திருக்கும். முப்பத்தோரு வருடத்தில் எத்தனை காலர்களை இப்படிப் பிடித்தோமோ என்று நினைத்துக்கொண்டே பிளாமெனைத் தேடிப் போனார்.

"பிளாமென், உன் கயிறு எங்கே?"

"ஞாயித்துக்கிழமை தெற்கே மாமா ஊருக்குப் போனேன் சார். நாரை வந்துடுச்சு. அங்கேயே கட்டிட்டேன்."

"யார் பாத்தது?"

பையன் சிரித்துவிட்டான். "டீச்சர் மாதிரியே கேக்கறீங்க." கைபேசியை நீட்டினான். மாதுளைக் கிளை, அதில் கோணல் கயிறு, பின்னால் தூணின் உச்சியில் நாரைக் கூடு, மார்ச் எட்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தடித்த வெள்ளை, மெல்லிய சிவப்பு. சந்தேகமில்லை.

11.30.

"உன் கட்டுரைல புதுசா என்ன இருக்கு?" என்று நெவேனாவிடம் கேட்டார். அவள் அழுது முடித்து, ஞாபகத்திலிருந்து அட்டைகளைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். பதினேழு முடித்திருந்தாள். பக்க எண்கள் நினைவில் இல்லாமல் காலியாக விட்டிருந்தாள்.

"நம்ம ஊர் வாசகசாலை திறந்த தேதி. எண்பத்தேழாவது அட்டை."

"அதான் வாசகசாலைச் சுவத்துல பித்தளைத் தகடு இருக்கே. 1871, அக்டோபர் பதினாறு. வருஷா வருஷம் அன்னிக்குத்தான் கேக் வெட்டறோம்."

"தப்பு சார். பதினைஞ்சு." குரல் அடக்கமாக வந்தாலும் கண் மின்னியது. "அப்ப பழைய நாட்காட்டி. செய்தித்தாள்ல அக்டோபர் மூணு, ஞாயிறு பூசை முடிஞ்சு திறந்தாங்கன்னு இருக்கு. அதை இன்னிக்கு இருக்கற தேதியா மாத்தணும்."

"பதிமூணு நாள் கூட்டணும். எங்களுக்கு அதான் தெரியும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். அது இருபதாம் நூற்றாண்டுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுன்னா பன்னிரண்டு. கணக்குப் போட்டுப் பாத்தேன். பதினாறு திங்கட்கிழமை வருது. பதினைஞ்சுதான் ஞாயிறு."

வெலிச்கோ மெதுவாக மூச்சு விட்டார். "பதினாறுன்னு முதல்ல எழுதினது யாரு?"

நெவேனா தலையைக் குனிந்தாள். "டீச்சர் புத்தகத்துலதான் முதல்ல வருது. அதைப் பாத்துத்தான் தகடு வெச்சாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல சார். கட்டுரையா கொடுக்கும்போது அவங்களே படிக்கட்டும்னு இருந்தேன்."

"செய்தித்தாள் கட்டு யார் எடுத்துக் கொடுத்தா?"

"ஸ்பாஸ் அண்ணன்தான். திங்கட்கிழமை. நான் நாள் கணக்கை விரல் விட்டு எண்ணறப்ப பக்கத்துலதான் நின்னுட்டிருந்தார்."

வெலிச்கோ கண்ணாடி அலமாரியில் இருந்த ராலிட்சாவின் நூலை வாங்கிவந்தார். முன்னுரையைத் தொடவில்லை. நூலைக் கையில் எடுத்தால் முதலில் அடிக்குறிப்பைப் படியுங்கள், அங்கேதான் ஆசிரியர் பொய் சொல்லாமல் இருப்பார் என்பது ராலிட்சாவின் முதல் பாடம். அக்டோபர் பதினாறுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு நூலை மூடினார். பிறகு கிடங்குக்குப் போய், அங்கே கிடந்த பழைய நூற்பட்டியல் அலமாரியின் முன் ஐந்து நிமிடம் நின்றார்.

மாலை 4.15.

வாசக அறையில் ஐந்து பேரும் கூடினார்கள். வெலிச்கோ நின்றுகொண்டே பேசினார்.

"நம்ம மூணு பேர் அட்டை வைக்கற பெட்டியும் எங்கிருந்து வந்தது? கிடங்குல இருக்கற பழைய நூற்பட்டியல் அலமாரியோட இழுப்பறைங்கதான். டீச்சர் உருவிக் கொடுத்தாங்க. அலமாரில மொத்தம் அறுபது. மூணு போச்சுன்னா மூணு பொந்து இருக்கணும். இன்னிக்கு ரெண்டுதான் இருக்கு."

பிளாமென் வாயைப் பிளந்தான். "இழுப்பறையைத் திரும்ப அலமாரிலயே சொருகிட்டாங்களா?"

"ஆமா. பக்கத்துல போனாத் தவிர தெரியாது." மேசைமேல் மூடியிருந்த துணியை வெலிச்கோ எடுத்தார். பெட்டி. நெவேனா பாய்ந்து வந்து அட்டைகளை விரலால் தள்ளி எண்ணத் தொடங்கினாள்.

"நூத்தி நாப்பதும் இருக்கு" என்று மெல்லச் சொன்னாள்.

"இருக்கும். எடுத்தவருக்குக் கிழிக்க மனசு வராது." வெலிச்கோ தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த இடம் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "கிடங்குக்குப் போற வழியில பிளம் மரம் பூத்திருக்கு. அதுல டீச்சர் திரிச்ச கயிறு ஒண்ணு. டீச்சர் திரிச்சது மொத்தம் அஞ்சு. டீச்சரோடது பொத்தான்ல. நெவேனாவோடதும் என்னோடதும் கையில. பிளாமெனோடது மாமா ஊர் மாதுளையில, படம் பாத்தேன். மரத்துல இருக்கறது அஞ்சாவது. அப்ப, ஸ்பாஸ், உங்க கையில இருக்கறது எது?"

ஸ்பாஸ் கையை மறைக்கவில்லை.

"காலையிலேயே என் கண்ணுல பட்டது, புத்தியில படல. பன்னிரண்டு நாள் பழைய தாளோட புரள்ற கை. விரலெல்லாம் கறுப்பு, கயிறு மட்டும் பால் மாதிரி வெள்ளை. முறுக்கும் சீரா இருக்கு. டீச்சர் மன்னிக்கணும், உங்களுக்கு அப்படித் திரிக்க வராது."

ராலிட்சா ஸ்பாஸையே பார்த்தார். "ஏன் அண்ணே?"

வெலிச்கோதான் நூலைத் திறந்து அந்தப் பொடி வரியைப் படித்தார். "'இந்தத் தேதியைப் பழைய செய்தித்தாளில் தேடி எடுத்து, இக்கால நாளாக மாற்றித் தந்தவர் வாசக அறைப் பொறுப்பாளர் ஸ்பாஸ். அவருக்கு என் அன்பு.'"

"பதிமூணு கூட்டினது நான்தான்" என்றார் ஸ்பாஸ். "பொண்ணு விரல் விட்டு எண்ணறப்பத்தான் எனக்கே உறைச்சது. நாளைக்குக் குழு வருது. என் தப்பு உன் தலையில விடிஞ்சுடுமேன்னு... குழு போனதும் சனிக்கிழமை பெட்டியைத் திரும்ப வெச்சிடலாம்னு இருந்தேன்."

"சனிக்கிழமையா?" நெவேனா அட்டைகளை விட்டு நிமிர்ந்தாள். "இன்னிக்கு அஞ்சு மணிக்கு என் வருஷமே போயிருக்கும் அண்ணே. நீங்க போட்ட டீயைக் குடிச்சிட்டே அழுதேன் நான்."

"டீச்சர் ரெண்டு நாள் தவணை கொடுப்பான்னு நினைச்சேன் பாப்பா."

"நானா?" என்றார் ராலிட்சா. "பதினைஞ்சு வருஷமா என்னைப் பாக்கறீங்க, நான் தவணை கொடுத்துப் பாத்திருக்கீங்களா?"

"உன் மனசு எனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

பிறகு பிளாமென்தான் கேட்டான், கேட்காமல் இருக்க முடியாமல். "புதுசு வாங்கிக் கட்டினதுக்கு, மரத்துல இருந்ததை அவுத்தே கட்டியிருக்கலாமே அண்ணே?"

"கட்டினதை அவுக்கக் கூடாதுடா" என்றார் ஸ்பாஸ். "அவளுக்குப் பதவி கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டுக் கட்டினேன்."

ராலிட்சா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது கண் ஈரமாக இருந்தது, குரல் வழக்கம்போல நேராக இருந்தது.

"தப்பு கூட்டல்ல இல்ல அண்ணே. நீங்க சொன்னதை நான் போய்ப் பாக்கல. பாசத்துல ஒரு நன்றி எழுதிட்டு, தாளைத் திறக்காம விட்டேன். பதினோரு இடத்துல இவர்கிட்ட யார் பார்த்ததுன்னு கேட்டவ நான்." வெற்று அட்டை ஒன்றை இழுத்து, சிவப்பு மையில் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். "'பக்கம் நூற்று நாற்பத்தொன்று. அக்டோபர் பதினாறு என்பது தவறு. சரியான நாள் பதினைந்து. கண்டுபிடித்தவர் நெவேனா கொலேவா, முதலாமாண்டு மாணவி.' நாளைக்குக் குழு உள்ள வந்து உக்காந்ததும் முதல்ல இதைத்தான் கொடுப்பேன்."

"பதவி?" என்றார் ஸ்பாஸ்.

"கொடுத்தா வாங்கிக்கறேன். நீங்கதான் வேண்டியாச்சே." வெலிச்கோ பக்கம் திரும்பினார். "நீங்க இப்ப பேசினது உங்க கட்டுரையோட முன்னுரையை விடத் தேவலை. ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் இருந்தது."

வெலிச்கோவுக்குக் காது மடல்வரை சூடேறியது. முப்பத்தோரு வருடத்தில் வாங்கிய பதக்கங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கும்போதும் இப்படி இருந்ததில்லை.

4.52.

கட்டுரைகளைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைப்பது வாசக அறைப் பொறுப்பாளரின் வேலை. நெவேனா கட்டுரையையும் பெட்டியையும் ஸ்பாஸின் மேசைமேல் வைத்தாள். அவளுக்குக் கோபம் முழுதாகத் தீரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஸ்பாஸ் முத்திரையின் தேதிச் சக்கரத்தைத் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். மை ஒற்றப் போன கை பாதியில் நின்றது.

"இன்னிக்குத் தேதி என்ன பாப்பா?" என்று கேட்டார். "எதுக்கும் நீயே ஒரு தடவை பாத்துச் சொல்லு."

நெவேனா குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்தன.

"பன்னிரண்டு, அண்ணே" என்றாள். "நான் பாத்துட்டேன். வைங்க."